தொண்ணூறு நாள் கழித்து

தொண்ணூறு நாள் யாரும் கேட்டு வராவிட்டால்
கண்டெடுத்தவருக்கே என்பது ஓட்டல் விதி.
அப்படித்தான் என்னிடம் வந்தது
614-இல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த
உள்ளங்கை அளவு வெல்ஷ் மொழிப் புத்தகம்.
பினிதாவுக்கு அதே மாதம் ஒரு கைக்கடிகாரம்.
கொடுத்துவைத்தவள் என்றார்கள், அவளை.

தோஹாவிலிருந்து வக்ராவுக்கு
ஸ்டாஃப் பஸ்ஸில் நாற்பது நிமிடம்.
தூங்கினால் இறங்குமிடம் போய்விடும், அதற்காகத்தான் படிக்கிறேன்.
மூன்றாம் பாடம்: பயணமும் தங்குமிடமும்.

டிக்கெட்டுக்கு டோக்கின்.
ரேஷன் கடையில் பாதி வெல்ஷ் நாம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது.
வீட்டுக்கு டீ.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
முன் சீட்டு ஷீஜா சேச்சி திரும்பிப் பார்த்தார்.
விமான நிலையம் மைஸ் அவிர்,
பிரித்தால் வான் வயல்.
தலைக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்குகின்றன,
யார் நட்டு யார் அறுக்கிறார்களோ.

அறைக்கு அஸ்தாவெல்.
அந்தக் கடைசி ல் நம்முடையது இல்லை.
ல இருக்கிறது, ள இருக்கிறது,
வேறு யாருக்கும் வாய்க்காதென்று
டீச்சர் மார்தட்டிக்கொண்ட ழ-வும் இருக்கிறது,
போதவில்லை.
நாக்கை ல-வுக்கு வைத்துக்கொண்டு
குரலைத் திறக்காமல்
ஓரங்களில் காற்றை மட்டும் விடவேண்டுமாம்.
இஸ்திரிப் பெட்டி ஆவி விடுகிற ஓசை.
அது வரும் எனக்கு. நாளைக்கு எழுபது தலையணை உறை.

சாவிக்கு இரண்டு சொல்,
தெற்கே அல்வெத், வடக்கே கோரியாத்.
என் கழுத்தில் தொங்கும் அட்டை
நூற்றுப் பன்னிரண்டு கதவைத் திறக்கும்.
வக்ராவில் எங்கள் அறைக்குச் சாவியே கிடையாது,
எந்நேரமும் ஒருத்தியாவது உள்ளே தூங்குகிறாள்.

ஒருவர் மட்டும் தங்கும் அறை இருக்கிறதே,
அதற்கு அஸ்தாவெல் செங்கல்.
சத்தியமாக அப்படித்தான் போட்டிருக்கிறது.
போன வாரம்தான் ஐயாயிரம் செங்கல்லுக்குப் பணம் அனுப்பினேன்,
மேஸ்திரி இன்னும் மூவாயிரம் கேட்கிறார்.
பெட் ஸ்பேஸுக்கு மட்டும் கடைசிப் பக்கம் வரை சொல் இல்லை.

கேட்பவர்களுக்காக எழுதிய புத்தகம் இது.
அறை இருக்கிறதா, காலை உணவு உண்டா, ரயில் எத்தனை மணிக்கு.
பதில் சொல்பவள் எங்கே படிப்பாள்?
அடிக்குறிப்பொன்றில் கிடைத்தது:
ஆமாம் என்று ஒரே சொல் அவர்களுக்குக் கிடையாதாம்,
கேட்ட வினையையே திருப்பித் தரவேண்டும்.
ஓய்ஸ்? ஓய்ஸ்.
இருக்கா? இருக்கு.
இங்கே மட்டும் நான் பென்சிலை எடுக்கவில்லை.

மார்ச்சில் புழுதிக்காற்று, விமானங்கள் ரத்து.
இரவு ஒன்றரைக்கு ஆறாம் மாடியில் ஒரு தாய்
தோளில் பையனோடு அட்டையைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தாள்.
பையன் சிணுங்கினான்: க்வெலி, க்வெலி.
கட்டில்.
கேட்பதற்கு முன்பே மடக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனேன்.
ரிசப்ஷனில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து
ரிசப்ஷனுக்கு நன்றி சொன்னாள், இங்கிலீஷில்.
நாலு மாதத்துச் சொல்லெல்லாம் தொண்டை வரை வந்து
ஆவியாக நின்றது.
யெஸ் மேடம் என்றேன்.

விடிகாலை வக்ராவில் கதவு தட்டாமல் திறந்தது.
ஹட்டன்காரி, புதிதாக வந்தவள்,
பெட்டியில் ஒட்டின டேக் இன்னும் கிழிக்கவில்லை.
"இடம் இருக்கா அக்கா?"
மேல்தட்டில் காய்ந்த என் துணிகளை இழுத்துக்கொண்டே
தூக்கக் கலக்கத்தில்
"ஓய்ஸ்" என்றேன்.

அதை என் பெயரென்று நினைத்துக்கொண்டாள்.
இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்,
ஓய்ஸ் அக்கா, பஸ் வந்துட்டு.